சாலமன் தீவுகள் 1942: ஜீரோவின் பலத்தைக் குறைக்காமல் வான்சண்டையைச் சமன்செய்ய முடியுமா?

அறுகோணம்

வணக்கம். வீட்டில் வரைந்து, வெட்டி, ஒட்டி நான் உருவாக்கிவரும் பலகை விளையாட்டைப் பற்றி முன்பே இங்கே சொல்லியிருக்கிறேன். களம் சாலமன் தீவுகள். 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கப் படை குவாடல்கனாலில் இறங்குவதில் ஆட்டம் தொடங்கி, 1943 பிப்ரவரியில் ஜப்பானியர் தீவைக் காலிசெய்வதோடு முடிகிறது. ஒரு சுற்று மூன்று நாள். ஒரு காய்க்கு ஆறு விமானங்கள். தரைப்போரும் கப்பற்சண்டையும் ஓரளவு படிந்துவிட்டன. வான்சண்டைதான் கழுத்தைப் பிடிக்கிறது.

ஜப்பானியரின் ஜீரோ போர்விமானத்துக்குச் சுழல்திறன் (சண்டையில் சட்டென்று வளைந்து திரும்பும் திறன்) 5, அமெரிக்கரின் வைல்ட்கேட் போர்விமானத்துக்கு 3 என்று கொடுத்திருக்கிறேன். இந்த எண்களோடு ஆடினால் செப்டம்பர் நடுவிலேயே குவாடல்கனாலில் அமெரிக்கரின் ஹென்டர்சன் ஓடுதளத்தில் பறக்க விமானம் மிஞ்சுவதில்லை. ஜீரோவை 4 ஆக்கினேன். இப்போது ஜப்பானிய ஆட்டக்காரருக்கு வழியே இல்லை. ஜப்பானியரின் பெரிய விமானத் தளமான ரபவுலிலிருந்து வரும் குண்டுவீச்சு விமானங்களெல்லாம் வரிசையாக விழுகின்றன. நாலரை என்று ஒரு எண் பகடையில் கிடையாது. எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தவிக்கிறேன். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

மேகமூட்டம்

4 தான் சரி. அதற்கு மேல் கொடுத்தது புகழில் மயங்கியதால் வந்த தவறு. ஜீரோவின் குறைகள் அப்போதே வெளிவந்துவிட்டன. 1942 ஜூன் 4 அன்று அலூஷியன் தீவுக்கூட்டத்தின் அகுடான் தீவில் ஒரு ஜீரோ சதுப்பு நிலத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. அமெரிக்கர்கள் அதை மீட்டுச் செப்பனிட்டு செப்டம்பரில் சான் டியேகோவில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வேகம் கூடினால் இறக்கைத் திருப்பிகள் இறுகிவிடுகின்றன. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் திக்குகிறது. எரிபொருள் தொட்டிக்குப் பாதுகாப்பு இல்லை, விமானிக்குக் கவசம் இல்லை. இருபது மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றுக்கு அறுபதே குண்டுகள்.

இதற்கும் முன்பே அமெரிக்க விமானி தாச் வகுத்த நெசவு இருந்தது. இரண்டு வைல்ட்கேட்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பறந்து, ஒன்றின் வாலில் வந்தவனை மற்றது முகத்துக்கு நேரே சுடும் முறை அது. ஜூன் மாத மிட்வே கடற்சண்டையிலேயே பயன்பட்டது. அமெரிக்கருக்கு 'நெசவு' என்று ஒரு அட்டை கொடுங்கள், ஜீரோவை 4 ஆக்குங்கள், ஜப்பானியருக்கு இன்னும் இரண்டு காய் கூட்டுங்கள். சமன் கிடைத்துவிடும்.

திருமலையான்

மேகமூட்டம் சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பு இல்லை. மருந்துதான் தவறு என்று நினைக்கிறேன். எண்ணைக் குறைப்பது, காயைக் கூட்டுவது, அட்டை கொடுப்பது ஆகிய மூன்றும் சண்டை நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியவை. குவாடல்கனாலின் வான்போர் அந்தப் பத்து நிமிடத்துக்கு வெளியேதான் தீர்மானமானது.

அறுகோணம், உங்கள் வரைபடத்தில் ரபவுலையும் ஹென்டர்சனையும் பாருங்கள். நடுவே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் நண்பகல் வாக்கில்தான் தீவுக்கு மேலே வர முடியும். திரும்பிப் போகவும் அதே தொலைவு. ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை விமானத்தில் ஒரு மனிதன் எட்டு மணி நேரத்துக்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறான். சண்டை போட எரிபொருள் இருக்கும் நேரமோ மிகக் கொஞ்சம். தொட்டியில் ஒரு துளை விழுந்தால் வீடு போய்ச் சேர முடியாது. வைல்ட்கேட் விமானிக்கோ கீழேயே ஓடுதளம். குதித்தாலும் பெரும்பாலும் தன் ஆட்கள் பக்கம்தான் விழுவான்.

ஆகஸ்ட் 7 அன்றே இது தெரிந்துவிட்டது. அன்று ரபவுலிலிருந்து அனுப்பப்பட்ட ஒன்பது பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்களுக்குத் திரும்பி வர எரிபொருள் போதாது என்று அனுப்பியவர்களுக்கே தெரியும். வழியில் கடலில் இறங்கினால் விமானிகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். அதே நாளில் ரபவுலில் ஜீரோவின் புதிய மாதிரியும் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் வலுவானது, வேகம் கூட. ஆனால் எட்டும் தூரம் குறைந்துபோனதால் குவாடல்கனாலுக்கு அனுப்ப முடியவில்லை. உங்கள் எண்ணில் அதற்குச் சுழல்திறன் என்ன கொடுத்தாலும் அந்தக் காய் ரபவுலைவிட்டு நகர முடியாது.

இரண்டாவது விஷயம் முன்னெச்சரிக்கை. பூகன்வில் தீவின் மலைகளில் ஒளிந்திருந்த ஆஸ்திரேலியக் கரையோரக் கண்காணிப்பாளர்கள், பால் மேசனும் ஜாக் ரீடும், தலைக்கு மேலே போகும் விமானங்களை எண்ணி வானொலியில் சொன்னார்கள். ஹென்டர்சனுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைத்தது. வைல்ட்கேட் மேலேறுவதில் மந்தமான விமானம். ஜப்பானியர் வரும் உயரத்துக்கு மேலே போய்ச் சேர அதற்கு அரை மணிக்கும் மேல் ஆகும். அந்த வானொலிச் செய்தி இல்லாவிட்டால் உங்கள் 5-க்கு 3 கணக்குதான் நடந்திருக்கும். செய்தி இருந்ததால் வைல்ட்கேட் உயரத்தில் காத்திருந்தது.

ஆகவே 5 ஐ 5 ஆகவே விடுங்கள். ரபவுலிலிருந்து வரும் காய் ஒவ்வொன்றும் வீடு திரும்ப ஒரு பகடை உருட்டட்டும். சண்டையில் அடிபட்ட காய் மோசமான எண்ணோடு உருட்டட்டும். பூகன்வில்லின் தென்முனையில் புயின் ஓடுதளத்தைக் கட்டி முடித்தால் அந்தத் தண்டனை பாதியாகட்டும். ஜப்பானிய ஆட்டக்காரருக்குப் பொறியாளர்களை அங்கே அனுப்ப ஒரு காரணமும் கிடைக்கும்.

மேகமூட்டம்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் இலங்கை அனுபவமே உங்களுக்கு எதிராக நிற்கிறதே! 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் எச்சரிக்கை கிடைக்கவில்லை. ரத்மலானையிலிருந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர்விமானங்கள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே கிளம்பின. அடி விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஹரிக்கேன்கள் மேலே ஏறிக் காத்திருந்தன. இருந்தும் ஏறத்தாழ பாதி விமானங்கள் போயின. எச்சரிக்கையும் உயரமும் எல்லாவற்றையும் தீர்க்குமானால் அன்று அது ஏன் நடந்தது?

திருமலையான்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பதிலைத் தேடியபோது என் யோசனையில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது.

ஐரோப்பாவில் ஜெர்மானியரை உள்வட்டத்தில் திருப்பிப் பழகியவை ஹரிக்கேன்கள். ஜீரோவோடும் சுழன்று பார்த்தார்கள். சுழன்றால் ஜீரோ ஜெயிக்கும். 5 என்ற உங்கள் எண்ணின் பொருளே அதுதான். குவாடல்கனாலில் வைல்ட்கேட் சுழலவில்லை. உயரத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் மீது ஒரே பாய்ச்சலாக விழுந்து, சுட்டுவிட்டு, நிற்காமல் கீழே பாய்ந்து விலகியது. ஜீரோ துரத்தினால் வேகத்தில் அதன் திருப்பிகள் இறுகும், மேகமூட்டம் முதலில் சொன்ன அதே குறை.

அதனால் சண்டைக்கு முன் ஒரு தேர்வு வேண்டும்: 'பாய்ச்சல்' அல்லது 'சுழல்'. உயரம் யாரிடம் இருக்கிறதோ அவரே தேர்ந்தெடுக்கட்டும். சுழலில் 5-க்கு 3. பாய்ச்சலில் சுழல்திறனே கணக்கில் வராது. சுடும் பலமும் தாங்கும் பலமும் மட்டும். ஏப்ரல் 1942 இல் இலங்கையின் ஹரிக்கேன்கள் பெரும்பாலும் சுழலில் மாட்டிக்கொண்டன. குவாடல்கனாலின் வைல்ட்கேட்கள் பாய்ச்சலைத் தேர்ந்தன.

பகடைக்காரி

நான் போரைவிட பகடையைத்தான் அதிகம் படித்தவள். ஆகவே இயந்திரப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஒரு காய் அழிந்தது என்றால் உங்கள் ஆட்டத்தில் எது அழிகிறது? விமானமா, விமானியா?

குவாடல்கனால் போரின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். நேசநாடுகள் இழந்த விமானங்கள் 615, ஜப்பான் இழந்தவை 683. விமானத்தை மட்டும் எண்ணினால் இது ஏறத்தாழ சரிசமமான போர். அக்டோபர் 26 அன்று நடந்த சாண்டா குரூஸ் கடற்சண்டை இன்னும் தெளிவானது. அமெரிக்கர் 81 விமானங்களையும் ஹார்னெட் என்ற விமானம் தாங்கிக் கப்பலையும் இழந்தார்கள். ஜப்பானியர் 99 விமானங்களை இழந்தார்கள், விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை. பலகையில் இது ஜப்பானிய வெற்றி. ஆனால் செத்த விமானப் பணியாளர்கள் அமெரிக்கத் தரப்பில் 26, ஜப்பானியத் தரப்பில் 148. நான்கு கப்பல்கள் போன மிட்வேயில்கூட அவர்கள் இழந்தது ஏறத்தாழ 110 பேர்தான். சாண்டா குரூஸுக்குப் பிறகு அந்தக் கப்பல்கள் மிதந்தன. அவற்றிலிருந்து பறக்கத் தேர்ந்தவர்கள் போதவில்லை.

ஜப்பானியரின் இரட்டை எஞ்சின் ஜி4எம் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். அமெரிக்கரின் டான்ட்லெஸ் பாய்ச்சல் குண்டுவீச்சு விமானத்தில் இரண்டு பேர். இரண்டும் உங்களிடம் ஒரே அளவு அட்டைத்துண்டு! எனக்கு இது மனத்தை உறுத்துகிறது.

என் யோசனை இது. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு துணிப்பை. அதில் விமானிக் குழுக்களுக்கான வில்லைகள்: சிவப்பு தேர்ந்தவர், மஞ்சள் நடுத்தரம், வெள்ளை புதியவர். காய் பறக்கும்போது பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து அதன்மேல் வையுங்கள். காய் விழுந்தால் பகடை. ஹென்டர்சனுக்கு அருகே விழுந்த அமெரிக்கருக்கு வில்லை பெரும்பாலும் பைக்குத் திரும்பும். அங்கே விழுந்த ஜப்பானியருக்கு அநேகமாகத் திரும்பாது. ஜப்பானியப் பை தொடக்கத்தில் ஏறத்தாழ முழுதும் சிவப்பாக இருக்கட்டும், மாற்றாக வருவது வெள்ளை மட்டும். அமெரிக்கப் பையில் மஞ்சள் அதிகம், ஆனால் களைத்த குழுவைப் பின்னுக்கு அனுப்பினால் சில சுற்றுகளில் சிவப்பாகத் திரும்பி வரலாம். அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று முதலில் வந்திறங்கிய கடற்படைக் காலாள் விமானிகள் அக்டோபர் நடுவில் வெளியே எடுக்கப்பட்டார்கள். ரபவுலில் இருந்தவர்கள் பொதுவாகச் சாகும்வரையோ முடமாகும்வரையோ பறந்தார்கள்.

சுழல்திறன் எண்ணைத் தொடவே வேண்டாம். பை தானாக வெளுக்கும்.

மேகமூட்டம்

பையின் அழகு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு அச்சங்கள். ஒன்று, எல்லாம் விமானியில் அடங்கிவிட்டால் விமானத்துக்கு என்ன வேலை? ஜீரோ காயைக் கையில் எடுக்கும்போது ஆட்டக்காரனுக்கு ஒரு சிலிர்ப்பு வர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு சண்டைக்கும் வில்லை எடுத்து, உயரம் பார்த்து, வீடு திரும்பப் பகடை உருட்டினால் ஒரு சுற்று முடிய ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

அறுகோணம்

சிலிர்ப்பு போகவில்லை, மேகமூட்டம். ஞாயிற்றுக்கிழமை என் தம்பியோடு முழு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிவப்பு வில்லையோடு மூன்று ஜீரோக்கள் வந்து, நான் உயரம் பிடிக்கத் தவறி, சுழல்சண்டையில் மாட்டிக்கொண்டபோது என் வைல்ட்கேட்கள் ஒரே உருட்டலில் போயின. அந்தக் காய்க்கு இன்னும் பயப்படத்தான் வேண்டியிருக்கிறது. நேரம் கூடியது உண்மை. வீடு திரும்பும் பகடையைக் காய்க்குக் காய் உருட்டாமல் தாக்குதலுக்கு ஒன்றாக மாற்றியதும் பழைய வேகம் வந்துவிட்டது.

புதிதாக வேறு ஒரு நோய் பிடித்திருக்கிறது. தம்பி கெட்டிக்காரன். செப்டம்பர் நடுவில் பை வெளுப்பதைப் பார்த்தான். பறப்பதை நிறுத்திவிட்டான். விமானங்களையெல்லாம் ரபவுலில் அடுக்கி வைத்துக்கொண்டு, இரவில் நாசகாரிக் கப்பல்களை மட்டும் அனுப்பினான். அவன் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அது இந்தப் போர் அல்ல. மழையிலும் களைப்பிலும் அவர்கள் நாள்தோறும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எதற்காக வந்தார்கள் என்பது என் விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை.

திருமலையான்

இதுதான் உங்கள் விளையாட்டின் இதயம் என்று எனக்குப் படுகிறது.

அவர்கள் வந்ததற்குக் காரணம் கப்பல். நாசகாரியில் இரவோடு இரவாக வீரர்களைக் கொண்டுபோகலாம். கனரகப் பீரங்கியும் போதுமான அரிசியும் கொண்டுபோக முடியாது. அதற்குச் சரக்குக் கப்பல் வேண்டும். அது மெதுவாகப் போவதால் பகலிலும் கடலில் இருந்தாக வேண்டும். பகலில் இருந்தால் ஹென்டர்சனின் டான்ட்லெஸ்கள் வரும். ஓடுதளத்தை ஊமையாக்காமல் தீவில் இருக்கும் தங்கள் வீரர்களுக்குச் சோறு போட முடியாது.

உங்கள் ஆட்டத்தில் தம்பி நாசகாரிகளை மட்டும் அனுப்பியும் தரையில் அவர் படை ஏன் பட்டினி கிடக்கவில்லை? அங்கேதான் ஓட்டை. நாசகாரிக்கு ஆட்களை மட்டும் ஏற்றும் உரிமை கொடுங்கள். உணவும் பீரங்கியும் சரக்குக் கப்பலில்தான் வரட்டும். பிறகு பாருங்கள், அவர் தானாகப் பறப்பார்.

விமானமே இல்லாமல் ஓடுதளத்தை ஊமையாக்கவும் ஒரு வழி இருந்தது. அக்டோபர் 13 நள்ளிரவு தாண்டி கோங்கோ, ஹருனா என்ற இரண்டு போர்க்கப்பல்கள் வந்து 973 பெருங்குண்டுகளை ஹென்டர்சன் மீது கொட்டின. அங்கிருந்த 90 விமானங்களில் 48 அழிந்தன. விமான எரிபொருள் பெரும்பாலும் எரிந்துபோனது. ரபவுல் விமானங்கள் வாரக்கணக்கில் முயன்றும் முடியாதது ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது. ஆனால் ஓடுதளம் சில நாளில் மீண்டது. இதற்கு ஒரு விதி கட்டாயம் வேண்டும். வான்சண்டையின் சமநிலையை ஒரு கப்பல் இரவில் குலைக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்ட ஆட்டக்காரர் தன் கடற்படையை வேறு மாதிரி காப்பாற்றுவார்.

திருகோணமலை பற்றி ஒரு வார்த்தை, பேச்சு வந்ததால். அதே ஏப்ரல் 9 அன்று இலங்கையிலிருந்து போன ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டுபிடித்து, அகாகி என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்கு அருகே குண்டு விழும்வரை யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றும் படாமல் கடலில் விழுந்ததால் கப்பல் தப்பியது. ஜப்பானியக் கப்பல்களில் அப்போது ரேடார் இல்லை. இரண்டு மாதம் கழித்து மிட்வேயில் அதே குறை வேறு விலை கேட்டது. கப்பல்களின் வான்காவலுக்கு நீங்கள் இரண்டு தரப்புக்கும் ஒரே விதி வைத்திருப்பதாக நினைவு. ஜப்பானியக் காவல் முன்கூட்டியே எதிரியைப் பார்க்கும் வாய்ப்பைக் குறையுங்கள்.

தென்கடல்

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். இதே விதிகளை 1944 வரை நீட்ட முடியுமா? மரியானா தீவுகள் எனக்கு மிகவும் பிடித்த களம்.

பகடைக்காரி

நீட்டலாம், ஆனால் அங்கே 'சமன்' என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடும். 1944 ஜூன் 19 அன்று மரியானாவை ஒட்டிய பிலிப்பைன் கடலில் அமெரிக்கரிடம் 15 விமானம் தாங்கிக் கப்பல்கள், ஏறத்தாழ 900 விமானங்கள். எதிர்ப்பக்கம் ஒன்பது கப்பல்கள், அமெரிக்கரிடம் இருந்ததில் ஏறத்தாழ பாதி அளவே விமானங்கள். அமெரிக்கரிடம் இரண்டாயிரம் குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட ஹெல்கேட் போர்விமானம், அதை ரேடார் பார்த்து வானொலியில் வழிநடத்தும் அறை, அருகே வந்தாலே வெடிக்கும் பீரங்கிக் குண்டு. ஜப்பானியப் பையில் சிவப்பே கிடையாது. அந்தச் சண்டையைப் பாதிக்குப் பாதி ஆக்க முயன்றால் பொய்யாகிவிடும். அங்கே ஜப்பானிய ஆட்டக்காரரின் வெற்றி வேறு எதிலாவது இருக்க வேண்டும்: தீவை எத்தனை நாள் காத்தார், எத்தனை கப்பலோடு தப்பினார். அதைத் தனி இழையில் பேசுவோம், எனக்கும் ஆசை உண்டு.

மேகமூட்டம்

என் பழைய கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஜீரோவை 4 ஆக்கியிருந்தால் இந்தச் சரக்குக் கப்பல் ஓட்டை வெளியே தெரிந்தே இருக்காது. ஒரே ஒரு வேண்டுகோள்: நெசவு அட்டையைத் தூக்கிவிடாதீர்கள். உயரம் இழந்த வைல்ட்கேட்டுக்கு அது ஒன்றுதான் கதி.

அறுகோணம்

அட்டை இருக்கிறது. ஆனால் வெள்ளை வில்லையோடு பறக்கும் காய் அதைப் பயன்படுத்த முடியாது. இருவர் ஒருவரையொருவர் நம்பிப் பறக்கப் பழக்கம் வேண்டுமல்லவா.

நேற்று இரவு தம்பி மறுபடியும் வந்தான். சரக்கு விதி வந்ததும் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. ஆகஸ்டிலேயே பொறியாளர்களைப் புயினுக்கு அனுப்பினான். அக்டோபரில் இரண்டு போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து ஹென்டர்சனைச் சுட்டான். என் விமானங்களில் பாதிக்கு மேல் போயின. அடுத்த சுற்றில் அவன் சரக்குக் கப்பல்கள் பகல் வெளிச்சத்தில் தீவுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தேன். என்னிடம் மிஞ்சியிருந்தவை பி-400 என்ற போர்விமானங்கள். ஏற்ற ஆக்சிஜன் வசதி இல்லாமல் உயரே போக முடியாதவை என்பதால் அவற்றுக்குத் தரைத்தாக்குதல் மட்டுமே என்று எழுதி வைத்திருந்தேன். கரையில் இறக்கிய மூட்டைகள்மேல் அவற்றை ஏவினேன். பலித்தது.

நவம்பரில் அவன் மறுபடியும் போர்க்கப்பலை அனுப்பினான். இந்த முறை இரவில் என் கப்பல்கள் வழிமறித்தன, ஓடுதளம் தப்பியது. அவனுடைய பதினொரு சரக்குக் கப்பல்கள் பாதி வழியில் இருந்தன. காவலுக்கு ஜீரோக்கள் இருந்தன, நான்கு காய். பையில் கைவிட்டான். வெள்ளை, வெள்ளை, மஞ்சள், வெள்ளை. உண்மையான போரில் நவம்பர் நடுவில் ஜப்பானியத் தளபதி டனாக்காவின் பதினொரு கப்பல்களில் நான்குதான் தீவை எட்டிக் கரைதட்டின என்று அவனுக்குத் தெரியும். எங்கள் மேசையில் ஐந்து சேர்ந்தன. அந்த ஒரு கப்பலின் அரிசியை வைத்து அவன் ஜனவரிவரை என்னைத் தூங்கவிடவில்லை. கடைசிக் கணக்கில் நான் ஜெயித்தது இரண்டே புள்ளியில்.

திருத்திய விதிகளையும் வில்லைகளின் வரைபடத்தையும் அடுத்த வாரம் இங்கே ஏற்றுகிறேன். துணிப்பை மட்டும் நீங்களே தைத்துக்கொள்ள வேண்டும். ஜீரோ அட்டையில் 5 இருக்கிறது.